பந்து பொய் சொன்ன சனிக்கிழமை

டயர் கடைக்காரன் ஓடெல் லாத்ரப் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே அன்றைய சண்டையைத் தொடங்கி வைத்தான்.

"கடைசிப் பத்து செகண்ட். ஒரு பாயின்ட் பின்னால நிக்கிறோம். பந்தை யார் கையில கொடுப்பீங்க? ஒரே பேரு. கதை வேண்டாம்."

கேள்வி பொதுவாகத்தான் விழுந்தது. ஆனால் அவன் கண் போய் நின்ற இடம் ரெனார்ட் மேப்ரியின் முகம். சனிக்கிழமை காலை ஏழு மணி. ராக்லன் ஊர் பெத்தேல் தேவாலயத்தின் பின்பக்கம் இருக்கும் கூடைப்பந்து அரங்கில் ஹீட்டர் கிழவனைப் போல இருமிக்கொண்டிருந்தது. வெளியே இந்தியானாவின் பிப்ரவரி, மூக்கை அறுக்கும் குளிர். ரெனார்ட் இரவு முழுக்கப் பார்சல் கிடங்கில் டிரக்குகளுக்குப் பெட்டி ஏற்றும் ஆட்களை மேய்த்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தான். கண்ணில் மணலைக் கொட்டியது போல எரிந்தது. இருந்தாலும் இந்தச் சண்டையை விட்டுவிட்டு அவன் தூங்கப் போனது கிடையாது.

"ஜோர்டன்," என்றார் அந்தச் சபையின் ஊழியரான டீக்கன் கிளமென்ட் ஓக்ஸ். "ஆமென். ஆட்டத்தை ஆரம்பிங்க."

டீக்கனுக்கு முழங்கால் போய்விட்டது. ஆடுவதில்லை. மடக்கு நாற்காலியில் காபியோடு உட்கார்ந்து ஸ்கோர் சொல்வார், தீர்ப்பும் சொல்வார். உயர்நிலைப் பள்ளியில் மேட்ச் நடந்தால் மைக்கில் வரும் குரலும் அவருடையதுதான். ஊரில் அந்தக் குரலுக்கு மேயரைவிட மரியாதை அதிகம்.

"ஜோர்டன் சரி," என்றான் ஓடெல். "அடுத்தது கோபி பிரையன்ட். ஏன்னா ரெண்டு பேருக்கும் வேட்டைக்குணம் இருந்துச்சு. எதிராளி கழுத்துல பல்லு பதிஞ்சா எடுக்கமாட்டானுங்க. லெப்ரானுக்கு அது கிடையாது. கடைசி நேரத்துல பக்கத்துல யாரு நிக்கிறான்னு பார்ப்பான். புலி என்னைக்காவது பக்கத்துல பார்த்திருக்கா?"

"புலி ஒத்தையா வேட்டையாடுது," என்றான் ரெனார்ட். "உன் டீம்ல அஞ்சு பேரு. தொண்ணூத்தேழு ஃபைனல்ல கடைசிப் பந்தைப் போட்டது யாரு? ஸ்டீவ் கெர். கொடுத்தது யாரு? உங்க ஜோர்டன்."

"அது ஒரு தடவை."

"ரெண்டாயிரத்துப் பத்து, ஏழாவது மேட்ச். பிரையன்ட் இருபத்துநாலு தடவை போட்டான், ஆறுதான் உள்ள போச்சு. கடைசி நிமிஷத்துல அந்த மூணு பாயின்டைப் போட்டது யாரு? ஆர்டெஸ்ட். கொடுத்தது? பிரையன்ட்."

"பெருசுங்களா," என்றாள் இவெட், சுவரில் காலைத் தூக்கி வைத்துத் தசையை இழுத்துவிட்டபடி. "காலைல பல்லு விளக்கிட்டுத்தான் வந்தீங்களா? வந்ததும் ஜோர்டன், பிரையன்ட்டுன்னு."

இவெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கல்லூரியில் நான்கு வருஷம் ஆடியவள். இந்த அரங்கில் மற்றவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஆடத் தெரிந்தவர்கள். அவளுக்கு இப்போதும் தெரியும்.

ரெனார்ட் விடவில்லை. கையிலிருந்த துருப்புச்சீட்டைப் போட்டான்.

"சரி. லாரி பேர்ட்."

பேர்ட் இந்தியானா மண்ணின் பிள்ளை, அங்கே அந்தப் பெயரைச் சொன்னால் பேச்சில் ஒரு நிதானம் வரும். டீக்கன் காபியைக் கீழே வைத்தார்.

"எண்பத்தேழு. டெட்ராயிட்காரன் பந்தை உள்ள எறியிறான். பேர்ட் பாய்ஞ்சு திருடுறான். மிச்சம் அஞ்சு செகண்ட். தானே திரும்பிப் போட்டானா? இல்ல. ஓடிவர்ற டென்னிஸ் ஜான்சனுக்குக் கொடுத்தான். பேர்டுக்கு வேட்டைக்குணம் இல்லன்னு சொல்லு ஓடெல். சர்ச் கூரைக்குக் கீழ நின்னு சொல்லு, கேப்போம்."

"டென்னிஸ் ஜான்சன் உள்ள போட்டான்ல," என்றான் ஓடெல்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கட்டி முடித்த நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். ஹீட்டர் மட்டும் இருமியது.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ராக்லன் பள்ளி அணி மாநிலப் போட்டிக்கு ஒரு படி கீழே நின்றது. ஒரு பாயின்ட் பின்னால். நேரம் போய்க்கொண்டிருந்தது. பந்து ரெனார்டின் கையில். அவன் மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். மூலையில் ஓடெல் தடுக்க ஆளில்லாமல் நின்றான். ரெனார்ட் பந்தை அவனுக்குக் கொடுத்தான். ஓடெல் போட்டான். பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தது.

தவறவிட்டவனை ஊர் அன்று இரவே மன்னித்துவிட்டது. முயன்றான், போகவில்லை, பாவம். கொடுத்தவனைத்தான் மன்னிக்கவில்லை. அணியிலேயே நன்றாகப் போடுகிறவன் கடைசி நொடியில் பந்தைக் கைமாற்றினால் அதற்கு ஒரே பொருள்தான் என்று ஊர் முடிவு கட்டியது. சுட்ட உருளைக்கிழங்கைக் கையில் பிடிக்க மாட்டாமல் அடுத்தவன் மடியில் போட்டுவிட்டான். திங்கட்கிழமைக்குள் பெயர் வந்துவிட்டது. சுடுகிழங்கு. பல்பொருள் கடையில் சுடுகிழங்கு, கல்யாண வீட்டில் சுடுகிழங்கு. அவனுடைய அப்பாவைப் புதைத்த அன்றுகூட ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோ, கிழங்கு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்தப் பெயர் நுழையாத ஒரே இடம் பார்சல் கிடங்கு. அது நெடுஞ்சாலை ஓரத்தில், ஊருக்கு வெளியே. வேலைக்கு வருகிறவர்கள் நாலு ஊர்ப் பிள்ளைகள். அங்கே அவன் மேப்ரி. போன மாதம் ஷிப்டுக்குத் தலைவனாகவும் ஆக்கியிருந்தார்கள். அவன் கீழே பன்னிரண்டு பேர். "மேப்ரி, ஏழாம் கதவுல டிரக் வந்தாச்சு" என்று ஒருவன் கத்தும்போது, அந்தப் பெயர் காதில் விழுவது அவனுக்குச் சம்பளத்தைப் போல இருக்கும். இரவு வேலையை அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அதற்கும் வேட்டு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி மேட்சின் இடைவேளையில் அந்தப் பழைய அணியை நிற்க வைத்து மரியாதை செய்யப் போகிறார்கள். தோற்ற அணிக்கு என்ன மரியாதை என்று கேட்கிறவன் இந்த ஊர்க்காரன் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளி அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. ஒவ்வொருவரையும் டீக்கன் மைக்கில் அழைப்பார், பட்டப்பெயரோடு அழைப்பார், அதுதான் வழக்கம். கிடங்கில் பெட்டி ஏற்றும் கோர்ட்னியின் தம்பி இப்போதைய அணியில் ஆடுகிறான். அதனால் பன்னிரண்டு பேரும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

ரெனார்ட் போன வாரமே டீக்கனைத் தனியாகப் பிடித்துக் கேட்டுப் பார்த்தான்.

"பேரை மட்டும் சொல்லுங்க டீக்கன். ரெனார்ட் மேப்ரி. அவ்வளவுதான்."

"ஊர் வாய்ல இருக்கிறதைத்தான் தம்பி நான் மைக்ல சொல்றேன். நானா வச்ச பேரா அது?"

"நீங்க சொல்லலன்னா போயிடும்."

"சரி, ஒண்ணு பண்ணு. எல்லாரும் பார்க்க, கணக்குல வர்ற மாதிரி ஒரு கடைசிப் பந்தை நீ போட்டுக் காட்டு. பிறகு நான் எந்த வாயோட கிழங்குன்னு சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு டீக்கன் அதைச் சபையிலும் அறிவித்துவிட்டார். ஆக இன்று அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெள்ளிக்கு முன்னால் இருக்கும் ஒரே சனிக்கிழமை இது.

ஆட்டம் தொடங்கியது. கூடைக்கு ஒரு பாயின்ட், பதினொன்று எடுத்தவர் ஜெயித்தவர். ரெனார்டும் ஓடெலும் ஒரு பக்கம். இவெட் எதிர்ப்பக்கம், ரெனார்டுக்குக் காவலாக. அவள் காவல் என்றால் ஈ மொய்ப்பது போல. கையும் பேசும், வாயும் பேசும்.

"என்ன பெருசு, தூங்கி வழியிறீங்க? கிடங்குல மெத்தை பார்சல் ஏதும் வரலையா?"

"வந்துச்சு. உன் பேருக்குத்தான். தோத்த பிறகு படுத்து அழறதுக்கு."

ஓடெல் மூன்று போட்டான், நாலு தவறவிட்டான், தவறவிட்ட நாலுக்கும் ரெனார்டின் பாஸ் சரியில்லை என்றான். பத்துக்குப் பத்து ஆனது. அடுத்த கூடை போடுகிறவர் ஆட்டத்தை எடுப்பார்.

ரெனார்ட் பந்தைத் தட்டிக்கொண்டு வலது பக்கமாக உள்ளே புகுந்தான். இவெட் கையை விட்டாள். பந்து இருவர் கைக்கும் நடுவில் திமிறி, கோட்டுக்கு வெளியே உருண்டு, மடக்கு நாற்காலிகளுக்கு அடியில் போய் நின்றது.

"நம்ம பந்து," என்று ஓடெல் கத்தினான்.

"யாரு பந்து? கடைசியா பட்டது அவரு கையில," என்றாள் இவெட்.

"உன் கைதான் பட்டுச்சு. சத்தமே கேட்டுச்சு."

"சத்தமா? எந்தக் காதுல கேட்டுச்சு, டயர் கடைக் காதுலயா?"

இந்த மாதிரி நேரத்துக்கு அந்த அரங்கில் ஒரு சட்டம் உண்டு. நடுவர் கிடையாது. வழக்கு வந்தால், எங்கள் பந்து என்று முதலில் சொன்ன பக்கத்திலிருந்து ஒருவர் கூடைக்கு நேர் எதிரே, தூரத்து வளைகோட்டுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு முறை கூடைக்குப் போட வேண்டும். உள்ளே போனால் சொன்னது உண்மை. போகாவிட்டால் பொய். அதற்கு மேல்முறையீடு இல்லை. மேற்குச் சுவரில் யாரோ ஒருவன் பெரிய எழுத்தில் வண்ணம் பூசியே வைத்திருக்கிறான்: பந்து பொய் சொல்லாது. வேத வசனம் போல இருக்கிறதே என்று போதகரும் அழிக்காமல் விட்டுவிட்டார்.

"போட்டுத் தீர்த்துக்கோங்க," என்றார் டீக்கன். "யாரு போடுறீங்க?"

ரெனார்ட் வாயைத் திறந்தான். பந்து கடைசியாகப் பட்டது அவன் சுண்டுவிரல் நகத்தில். அவனுக்கு அது தெரியும். சந்தேகமே இல்லை, நகம் இன்னும் விண்ணென்றிருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் ஓடெல் பந்தை எடுத்து வந்து அவன் வயிற்றில் அழுத்தினான்.

"நீ போடு."

"ஓடெல், கேளு..."

"ஒண்ணும் கேக்க வேண்டாம். டீக்கன், இது கணக்குல வருமா?"

டீக்கன் நாற்காலியை விட்டு எழுந்தார். முழங்கால் போன பிறகு அவர் எதற்கும் எழுந்ததில்லை. "பத்துக்குப் பத்து. ஜெயிக்கிற பந்து யாருக்குன்னு முடிவாகப் போகுது. எல்லாரும் பார்க்கிறாங்க. வரும்ப்பா. இது கணக்குல வரும்."

அரங்கின் மறுபாதியில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் பந்தை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ரெனார்ட் யோசித்தான். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அப்பாடா, நல்ல மனுஷன் என்றா சொல்வார்கள்? போட பயந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிட்டான் என்பார்கள். கிழங்கு பந்தைக் கைமாற்றப் புதுசாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. போட்டுத் தவறவிட்டாலோ, சொன்னோமே என்பார்கள். போட்டு உள்ளே போனால் ஒரு பொய் நிலைக்கும், ஒரு பெயர் போகும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர் கேட்பார்கள்: ரெனார்ட் மேப்ரி.

அவன் வளைகோட்டுக்குப் பின்னால் போய் நின்றான்.

"கிழங்கு சூடா இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

அவன் பந்தை இரண்டு முறை தட்டினான். போட்டான். வளையத்தில் படவே இல்லை. வலை மட்டும் ஒரு முறை சொடுக்கியது.

பிறகு கொஞ்ச நேரம் அரங்கில் யார் என்ன கத்தினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓடெல் அவனை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். டீக்கன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக் குரலை அப்போதே எடுத்துவிட்டார்: "ரெனா...ர்ட் மேப்ரி. வெறும் ரெனார்ட் மேப்ரி."

நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ரெனார்ட் அதைக் கொஞ்ச நேரம் வாயில் போட்டுச் சுவைத்தான்.

அப்போது இவெட் சண்டை பிடித்திருந்தால் அவனும் பிடித்திருப்பான். கத்தியிருந்தால் அவளைவிடச் சத்தமாகக் கத்தி, தன் சுண்டுவிரலையும் மறந்திருப்பான். அவள் கத்தவில்லை. தோளைக் குலுக்கினாள். "சரி, பந்து சொல்லிடுச்சு. உங்க பந்துதான்," என்று சொல்லிவிட்டுக் காவலுக்கு முழங்காலை மடக்கி நின்றாள். யார் கையில் பட்டது என்று அந்த அரங்கில் தெரிந்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

ரெனார்ட் பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அவளிடம் அனுப்பினான்.

"உன் பந்து. என் சுண்டுவிரல்ல பட்டுத்தான் போச்சு."

இறங்கிக்கொண்டிருந்த டீக்கனின் கை பாதி வழியில் நின்றது.

"என்னடா சொல்ற?" என்றான் ஓடெல்.

"என் மேல பட்டுச்சு. முதல்லயே சொல்ல வந்தேன், நீ விடல."

"அப்ப ஏன்டா போட்ட?"

"போட முடியும்னு நீங்கல்லாம் பார்க்க வேணாமா?"

"பார்த்தாச்சுல்ல? வாயை மூடிட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்குத்தான் சொல்றேன், உனக்கு வேட்டைக்குணம் கிடையாதுன்னு. புலி மானைப் பிடிச்சு, கொன்னு, பிறகு மன்னிச்சுக்கோன்னு திருப்பிக் கொடுக்குமா?"

டீக்கனின் கவலை வேறு. அவர் கையை இன்னும் முழுதாகக் கீழே இறக்கவில்லை. சுவரைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"பந்து உள்ள போச்சே."

"போச்சு டீக்கன்."

"ஆனா நீங்க சொன்னது பொய்."

"ஓடெல் சொன்னது பொய்."

"எவன் சொன்னா என்ன. அப்ப பந்து..."

"பொய் சொல்லிடுச்சு," என்று இவெட் முடித்து வைத்தாள்.

ரெனார்ட் எதிர்பார்த்தது பாராட்டும் இல்லை, வசவும் இல்லை. ஆனால் இதை நிச்சயமாக எதிர்பார்க்கவில்லை. ஆறேழு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஆடும் நெட்டையன் ஒருவன், போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் பந்து சொன்னதை நம்பித்தான் தான் வாயை மூடிக்கொண்டு வெளியே போனதாகவும், இப்போது அந்த ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்றும் கேட்டான். இன்னொருவனுக்கு முன்பல் போன வழக்கு இருந்தது. இத்தனை வருஷமாகப் பந்து தீர்த்து வைத்த பங்காளிச் சண்டை எல்லாம் புதைத்த இடத்திலிருந்து எழுந்து வந்து நின்றன. ஒரு வழக்கத்தை உடைப்பது எவ்வளவு சுலபம் என்று ரெனார்டுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு சுண்டுவிரல் போதும்.

கூச்சல் நடந்துகொண்டிருக்கும்போதே இவெட் பந்தை வெளியிலிருந்து தன் ஆளிடம் கொடுத்து, திரும்ப வாங்கி, வாயைப் பிளந்து நின்ற ஓடெலைச் சுற்றிக்கொண்டு போய் இடது கையால் கூடைக்குள் போட்டாள்.

"பதினொண்ணு," என்றாள். "வேட்டைக்குணம், வேட்டைக்குணம்னு பேசினீங்களே பெருசு. இதுதான்."

வாரம் முழுக்க ஊர் இதையே மென்றது. முடிவெட்டும் கடையில் இரண்டு கட்சி. போட்டான், உள்ளே போனது, அதனால் அந்தப் பெயரை விட்டுவிடலாம் என்றது ஒன்று. ஜெயிக்கும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளிக்கே கொடுத்தவன் சுடுகிழங்குக்கெல்லாம் தாத்தா என்றது மற்றொன்று. ரெனார்ட் டீக்கனுக்கு இரண்டு முறை போன் செய்தான். முதல் முறை அவர் ஜெபத்தில் இருந்தார். இரண்டாம் முறையும் ஜெபத்தில் இருந்தார்.

"வர்றதை வாங்கிக்கோ," என்றாள் அவன் மனைவி பெர்னிஸ், முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "நான் கல்யாணம் பண்ணது சுடுகிழங்கை. மேப்ரி யாருன்னு எனக்குத் தெரியாது."

"கிடங்குல தெரியும்."

"பன்னெண்டு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க. பண்ணட்டும். பெட்டி தானா ஏறப் போகுதா?"

அவளுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்து அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வியாழக்கிழமை அவன் ஓடெலின் டயர் கடைக்குப் போனான். பின் சக்கரத்தில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். ஓடெல் அவன் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைக் கழற்றினான். சனிக்கிழமைத் தோல்வி இன்னும் அவனுக்குச் செரிக்கவில்லை.

"வேட்டைக்குணம் இல்லன்னு இருபத்தஞ்சு வருஷமா சொல்ற," என்றான் ரெனார்ட். "சரி, இல்லன்னே வச்சுக்கோ. அன்னிக்கு மூலையில நீ காலியா நின்னியா, இல்லையா?"

ஓடெல் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். ஓர் இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆணி," என்றான். "பழசு. இத்தனை நாள் இதோடயே ஓட்டியிருக்க."

ஒட்டுப் போட்டு மாட்டினான்.

வெள்ளிக்கிழமை பள்ளி அரங்கம் நிரம்பி வழிந்தது. பாப்கார்ன் வாசனை, ஈரக் கோட்டுகளின் வாசனை, தாரை தப்பட்டையாகப் பள்ளி வாத்தியக்குழு. கிழக்குப் படிக்கட்டில் கிடங்கு ஆட்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்னி எழுந்து கையாட்டினான். "மேப்ரி" என்று அவன் வாய் அசைவது தெரிந்தது. ரெனார்ட் பதிலுக்குக் கையாட்டினான், கப்பல் மூழ்கும்போது கரையைப் பார்த்து ஆட்டுகிறவனைப் போல.

இடைவேளையில் பழைய அணி நடுவட்டத்தில் வந்து நின்றது. வழுக்கையும் தொப்பையுமாகப் பத்துப் பேர். டீக்கன் சாம்பல் நிறக் கோட்டும் மைக்குமாக வந்தார். சட்டை எண் வரிசையில் அழைத்தார். ஒவ்வொரு பெயருக்கும் பட்டப்பெயர், ஒவ்வொரு பட்டப்பெயருக்கும் கூரை அதிர ஒரு கத்தல். இருபதாம் எண், ஓடெல் லாத்ரப், துப்பாக்கி ஓடெல். அவன் போய் டீக்கன் பக்கத்தில் நின்றான். அடுத்த எண் இருபத்திரண்டு.

"இருபத்திரண்டு," என்றார் டீக்கன்.

நின்றுவிட்டார்.

அரங்கம் பொறுத்தது. மேற்குப் படிக்கட்டில் சிலர் கிழங்குக்காக வாயைத் தயாராக வைத்திருந்தார்கள். கிழக்கில் சிலர் வேண்டாம் என்று தலையாட்டினார்கள். முன்வரிசையில் இவெட் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். முப்பது வருஷம் மைக் பிடித்த மனிதரின் நெற்றியில் வியர்வை மின்னியது ரெனார்டுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். மூடினார். இடது பக்கம் பார்த்தார். பிறகு மைக்கைத் தூக்கி ஓடெல் கையில் வைத்துவிட்டார்.

ஓடெல் அதை டயரைப் பார்ப்பது போலப் புரட்டிப் பார்த்தான். ஆளில்லாமல் நின்றான். இந்த முறையும் நேரம் போய்க்கொண்டிருந்தது.

"இருபத்திரண்டு," என்றான். "ரெனார்ட் மேப்ரி." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னிக்கு அவன் பந்தைச் சரியாத்தான் கொடுத்தான். நான் காலியாத்தான் நின்னேன். உள்ள போடாதது நான்."

மைக்கை டீக்கனிடம் திருப்பிக் கொடுத்தான். ரெனார்ட் நடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றான். ஊர் தன் பழைய கணக்கைத் திருத்த ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு பன்னிரண்டு பேர் எழுந்து கத்தினார்கள், அவர்களுக்குப் பழைய கணக்கு ஏதும் தெரியாது. அதன்பின் மற்றவர்களும். உச்சிப் படியிலிருந்து ஒரு பெண்குரல் மட்டும் சுடுகிழங்கு என்று கத்தியது. அது பெர்னிஸ்.

"வேட்டைக்குணம் வந்துடுச்சு போல," என்றான் ரெனார்ட், உதட்டை அசைக்காமல்.

"வாயை மூடு. போட்டோ எடுக்கிறான்," என்றான் ஓடெல்.

மறுநாள் சனிக்கிழமை. ஹீட்டர் இருமியது. மேற்குச் சுவரில் பந்து பொய் சொல்லாது என்பதற்குக் கீழே யாரோ சாக்கட்டியால் 'பெரும்பாலும்' என்று எழுதியிருந்தார்கள். ரெனார்ட் கிடங்கிலிருந்து நேரே வந்திருந்தான். இரவு முழுக்க அங்கே அவன் மேப்ரியாகத்தான் இருந்தான். கோர்ட்னி மட்டும் ஒருமுறை, அது என்ன கிழங்கு என்று கேட்டான். ஏழாம் கதவைப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இவெட் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"கடைசிப் பத்து செகண்ட். ஊரே பார்த்துட்டு இருக்கு. மைக்கை யார் கையில கொடுப்பீங்க?"

எல்லோரும் மடக்கு நாற்காலியைப் பார்த்தார்கள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க," என்றார் டீக்கன், காபிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. "நான் ஒண்ணும் பயந்து கொடுக்கல. சொல்ல வேண்டியவன் பக்கத்துல நின்னான். சரியான ஆளுக்குத்தான் கொடுத்தேன்."

"அதைத்தான் டீக்கன் நானும் இருபத்தஞ்சு வருஷமா சொல்லிப் பார்த்தேன்," என்றான் ரெனார்ட். "இந்த ஊர்ல எடுபடாது."

"ஜோர்டனா இருந்தா தானே சொல்லியிருப்பான்," என்றான் ஓடெல்.

"ஜோர்டன் கெர்ருக்குக் கொடுத்தாருப்பா. நீங்களே பேசினீங்கல்ல," என்றார் டீக்கன்.

"கெர் உள்ள போட்டான்."

"ஓடெலும்தான் நேத்து போட்டான்," என்றார் டீக்கன். ஓடெல் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய்விட்டான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கயிறு கட்டிய கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே நெட்டையன் கேட்டான்: "சுடுகிழங்கு, ஸ்கோர் என்ன?"

பழக்கதோஷம், ரெனார்ட் திரும்பினான். கேள்வி அவனுக்கு இல்லை, மடக்கு நாற்காலிக்கு.